அரைக் கிலோ மண்

அக்கா,

உத்தமபாளையத்தில் எங்கள் பத்திரிகைக்கு என்று மாடியில் இருந்த ஒற்றை அறையைப் போன மாதம் காலி செய்தோம். செய்தியும் படமும் போனிலேயே போய்விடுகிறது, அறை எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். இரும்பு பீரோவின் அடித்தட்டில், பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பையின் மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, அதில் நீல பேனாவால் உங்கள் கையெழுத்து: "மண். ஐந்து இடம் கலந்தது. முக்கால் அடி ஆழம். கோம்பை ரோடு." கீழே உங்கள் பெயர். அதற்கும் கீழே, வார்டுப் பழக்கம் விடாமல், எடுத்த நேரம்: காலை 8.10.

கட்டை அவிழ்த்தேன். மண் வாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பீரோவின் துரு வாசம்தான் வந்தது. மண் கட்டிதட்டிப் போயிருந்தது. துணியின் உள்பக்கம், தையல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

இதை நீங்கள் என் கையில் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் போய் ஒரு வருடம். இடையில் இருந்த மூன்று வருடத்தில் ஏதாவது ஒரு நாள் உங்கள் மாடிப்படி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். படி ஏறத்தான் செய்தேன், எத்தனையோ தடவை. காப்பி குடித்துவிட்டு இறங்கினேன். ஆகவே இப்போது எழுதுகிறேன். செய்தி எழுதிப் பழகியவன், நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் வரும்.

முப்பத்தைந்து வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து நீங்கள் ஓய்வு பெற்றபோது வந்த பரிசுகளில் நாலு சுவர்க் கடிகாரம். நாலையும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டீர்கள். "இனிமே டயம் பாக்கற சோலி எனக்கு இல்ல தம்பி" என்றீர்கள். பக்கத்து வீடான எங்கள் கூடத்தில் இன்றும் ஓடுவது அதில் ஒன்று. மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டார், நீங்கள் போகவில்லை. வாடகை மாடியின் வராந்தாவில் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்துத் தக்காளியும் மிளகாயும் வளர்த்தீர்கள். நன்றாகத்தான் வந்தது. உங்களுக்குத்தான் போதவில்லை.

"டப்பாவுல வளக்கறது ஐ.சி.யூ.வுல வெச்சுப் பாக்கற மாதிரி இருக்கு. தரையில விட்டுப் பாக்கணும். முப்பத்தஞ்சு வருசம் படுத்தவகளையே பாத்துட்டேன். இனி எந்திரிச்சு நிக்கிறதப் பாக்கணும்."

கால் ஏக்கர் போதும், குத்தகைக்கு, நடந்து போய் வரும் தூரத்தில் பஸ் நிற்க வேண்டும். இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. எனக்கு இருபது வருடப் பழக்கமான தோப்புக்காரர் ஒருவர் கோம்பை ரோட்டில் இருந்தார். அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும், ஓடைக்கரை உடைந்தாலும் முதல் போன் எனக்கு அவரிடமிருந்துதான் வரும். அவருடைய தென்னந்தோப்பின் கிழக்கு மூலையில் இருபத்தைந்து சென்ட் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தது. பங்குனி மாதம், ஒரு ஞாயிறு முடிந்த மறுநாள் காலை, என் ஸ்கூட்டரில் போனோம். நீங்கள் மடியில் களைக்கொத்தும் ஒரு சாக்கும் வைத்திருந்தீர்கள்.

"இடம் பாக்கப் போறோமா, களவாங்கப் போறோமாக்கா?" என்றேன்.

"பேசண்டப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போவாகளா?" என்றீர்கள்.

ஓர் இடத்தை முதல் தடவை பார்க்கும்போது எதைப் பார்ப்பது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது அக்கா. கோர்ட்டு வாசலில் நின்று நிலத் தகராறுகளை எழுதி எழுதிப் பழகியவன். என் நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதியது இப்போதும் இருக்கிறது. பட்டா யார் பெயரில். அண்ணன் தம்பி பங்கு பிரிந்ததா. பாதைக்கு உரிமை எழுத்தில் உண்டா, வாய்ச்சொல்லா. நாலு மூலையிலும் கல் இருக்கிறதா. மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு யார் பெயரில், எத்தனை மணிக்கு மும்முனை வரும். எல்லாவற்றுக்கும் தோப்புக்காரர் பதில் சொன்னார், பத்திரத்தைக்கூடக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. தகராறு எங்கே வரும் என்று பார்க்க எனக்குத் தெரியும். செடி எங்கே வரும் என்று பார்க்கத் தெரியாது. அது தெரியாது என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வேறு விதமாகப் பார்த்தீர்கள். முதலில் நாலு பக்கமும் சும்மா நடந்தீர்கள். தென்னை நிழல் எதுவரை விழுகிறது என்று காலால் கோடு போட்டீர்கள். வேலியோரம் முளைத்திருந்த களையில் இரண்டைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு தோப்புக்காரரிடம் கேட்டீர்கள்.

"மழ பேஞ்சா தண்ணி எங்கன நிக்கும்?"

"அந்தா அந்த மூலையில ரெண்டு நாள் நிக்கும்மா. அப்பறம் வத்திரும்."

"மயிலு வருமா?"

"வராம இருக்குமா? ஆபீசருகளாவது லேட்டா வருவாக, அது டயத்துக்கு வந்துரும்."

சிரித்தீர்கள். சிரித்த முகத்தோடேயே அடுத்த கேள்வியைக் கேட்டீர்கள். "இத்தன தென்ன நிக்கிது. இந்த மூலைய மட்டும் ஏன் சும்மா போட்டு வெச்சிருக்கீக?"

தோப்புக்காரர் என்னைப் பார்த்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். "முன்னாடி ஒருத்தரு தக்காளி போட்டாக. கைகூடல. அப்பறம் ஆளும் வரல" என்று இழுத்தார். ஏன் கைகூடவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு மந்திரி அப்படி இழுத்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அன்று நான்தான் முந்திக்கொண்டு, "ஆள் கிடைக்காத காலம்க்கா, இப்ப யாரு வெள்ளாம பாக்கறாக" என்று அவருக்காகப் பதில் சொன்னேன். அவர் நிம்மதியாகி மூன்று இளநீர் வெட்டச் சொன்னார்.

இளநீர் அவ்வளவு இனிப்பு. நான் ஒரே மூச்சில் குடித்தேன். நீங்கள் உங்கள் காயை வரப்பில் வைத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் ஊற்றினீர்கள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து ஓரமாகத் துப்பினீர்கள்.

"லேசாக் கரிக்கிற மாதிரி இருக்கு. ஆனா சுகர் மாத்திர தின்னு தின்னு என் நாக்கு செத்துப்போச்சு, அத நம்ப முடியாது. நீ குடிச்சுப் பாரு."

தோப்புக்காரர் பக்கத்திலேயே நின்றார். ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்த கையோடு அவர் கிணற்றைச் சோதித்துத் துப்புவதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. "இளநி குடிச்ச வாயில எதக் குடிச்சாலும் கரிக்கத்தான்க்கா செய்யும்" என்றேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்தத் தண்ணியக் குடிச்சு நிக்கிற மரம் இவ்வளவு இனிப்பா காய்க்குதுன்னா தண்ணியில என்ன கோளாறு இருக்கப் போவுது" என்றும் சொன்னேன். "முப்பது வருசமாத் தென்னைக்கு இதான் பாயுது" என்றார் தோப்புக்காரர். அதையும் எழுதிக்கொண்டேன். தென்னை உப்புத் தண்ணீரைத் தாங்கும், கத்திரியும் பீன்ஸும் தாங்காது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளாமை செய்கிற யாருக்கும் தெரியும். வெள்ளாமையைப் பற்றி எழுதுகிற எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வாதாடவில்லை. களைக்கொத்தை எடுத்து ஐந்து இடத்தில் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி, மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் சீவி எடுத்தீர்கள். சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்தீர்கள். எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஒரு கை அள்ளிப் போட்டாப் பத்தாதாக்கா?"

"ஊசியில எடுக்கற ரத்தத்துல முழு ஆளும் இருக்கணும் தம்பி. இல்லேன்னா எடுத்து என்ன பிரயோசனம்."

மண்ணைப் பையில் கட்டி, கழுவின பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டினீர்கள். தேனிக்குப் பஸ்ஸில் போய் நீங்களே மண் பரிசோதனைக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தீர்கள். உங்கள் முழங்கால் வலியைச் சொல்லி, "வாரத்துக்கு ரெண்டு தடவ நான் தேனி போறேன், குடுங்க" என்று வாங்கிக்கொண்டது நான்.

அந்த வாரம் மேற்கே மலையில் தீ. நாலு நாள் அடிவாரத்திலேயே கிடந்தேன். மண் பை ஆபீஸ் பீரோவுக்குப் போனது. பாட்டில் ஸ்கூட்டர் டிக்கியில் உருண்டது. அடிவாரத்திலிருந்து திரும்பின அன்று சீட்டெல்லாம் சாம்பல். கையில் வேறு தண்ணீர் இல்லை. டிக்கியைத் திறந்து உங்கள் பாட்டிலை எடுத்து சீட்டில் ஊற்றித் துடைத்தேன். உங்கள் பெயரும் நேரமும் எழுதின பாட்டில் என்று தெரிந்தேதான் ஊற்றினேன். இன்னொரு தடவை பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை கறுப்பு சீட்டில் தண்ணீர் ஓடின தடமெல்லாம் வெள்ளைக் கோடாக நின்றது. பரிசோதனை முடிவு என் சீட்டிலேயே எழுதியிருந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டினேன்.

அதன் பிறகு வைகாசி பிறக்கும்வரை நான் தேனிக்குப் போன நாட்களை டைரியில் பார்த்துவிட்டேன். ஏழு. ஏழு தடவையும் மண் பரிசோதனை செய்யும் இடத்துக்குத் திரும்புகிற ரோட்டு முனையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

வைகாசி பிறந்ததும் நீங்கள் கேட்டீர்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் தோப்புக்காரருக்கு முடிவு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசல், நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன், நீங்கள் கையில் காய்கறிக் கூடையோடு நின்றீர்கள்.

"தம்பி, அந்த மண்ணு என்னாச்சு?"

"குடுத்தாச்சுக்கா. நல்லா இருக்குன்னுட்டாக. தண்ணியும் பரவால்ல. தாளு பின்னாடி வரும்."

"யாரு பாத்தாக?"

இந்த இடத்தில் நான் இறங்கியிருக்கலாம். "இல்லக்கா, மறந்துட்டேன், நாளைக்குக் குடுக்கறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் ஒரு பொய்யை நம்ப வைப்பது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் தொழில் அது. அடுத்தவர் சொல்லும் கதையில் ஒரு சின்ன அடையாளம் இருந்தால் உண்மை என்று எடுத்துக்கொள்வோம். அதைத் திருப்பி உங்களிடமே பயன்படுத்தினேன்.

"ஒரு மேடம்க்கா. கண்ணாடி போட்டவக. நல்லாப் பொறுமையாச் சொன்னாக."

உங்கள் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. படிச்சவக பாத்துட்டாக" என்று கூடையிலிருந்து இரண்டு முருங்கைக்காயை எடுத்து என் வண்டியில் செருகினீர்கள். அன்றைக்கே போய் மூன்று வருடத்துக்குப் பேசி முடித்துவிட்டீர்கள்.

ஆடியில் கத்திரி, மிளகாய், கொத்தவரை, பீன்ஸ் எல்லாம் போட்டீர்கள். காலை முதல் பஸ்ஸில் போய்ப் பத்தரை பஸ்ஸில் வருவீர்கள். புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. "நர்ஸம்மா ரயில்வே லைன் வேலைக்குச் சேந்துட்டாகளா" என்று பஸ் கண்டக்டர் கேலி பண்ணினதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நாற்று பிடித்தது. ஒரு மாதம் பச்சையாக நின்றது. அந்த ஒரு மாதம் நீங்கள் தெருவில் நடந்த நடையே வேறு.

பிறகு ஒரு நாள் பீன்ஸ் இலை ஒன்றைக் கைக்குட்டையில் மடித்து எடுத்து வந்தீர்கள். ஓரமெல்லாம் தீயில் காட்டின மாதிரி கருகியிருந்தது.

"இது தாகமா, விசமா தம்பி? தண்ணி விட்டாத்தான் இன்னும் கருகுது. தண்ணி காஞ்ச எடமெல்லாம் மண்ணு வெள்ளையாப் பூக்குது."

என் சீட்டில் நின்ற வெள்ளைக் கோடு அப்போது கண்ணில் வந்தது. வந்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. "வெயில்க்கா. இந்த வருசம் எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன்.

நீங்கள் என் வார்த்தையைச் சந்தேகப்படவில்லை. உங்கள் கையைச் சந்தேகப்பட்டீர்கள். அதிகமாகத் தண்ணீர் விட்டேனோ, உரத்தை வேரில் போட்டேனோ, நாற்று முற்றிப்போனதோ என்று ஒவ்வொன்றாகத் தேடினீர்கள். ஐப்பசியில் எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்த அன்று சாயங்காலம் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் டப்பாக்கள் காலியாக அடுக்கியிருந்தன. "எனக்குப் படுத்தவகளப் பாக்கத்தான் குடுத்து வெச்சிருக்கு போல" என்றீர்கள். அழவில்லை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் வாய் திறந்திருக்க வேண்டும். வாயில் காப்பி இருந்தது.

அடுத்த வைகாசி கழிந்து உங்களிடம் ஏதோ மாறியது. மறுபடி முதல் பஸ்ஸில் போக ஆரம்பித்தீர்கள். மூலையில் வரப்பைத் தூக்கி மழைத் தண்ணீரை நிறுத்தினீர்கள், தொழு உரம் வண்டி வண்டியாக அடித்தீர்கள். பீன்ஸை விட்டுவிட்டீர்கள். ஐப்பசிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வரும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பை வரும். பீட்ரூட். பாலக்கீரை. வாரா வாரம் அதுவே. என் மனைவி குமுளிப் பக்கம் பிறந்தவள், பீட்ரூட்டைத் தேங்காய் போட்டுத் தோரன் வைப்பாள். எனக்குச் சலித்துவிட்டது. "வேற ஒண்ணும் வெளையாதாக்கா உங்க தோட்டத்துல?" என்றுகூட ஒரு நாள் கேட்டேன்.

"அந்தத் தண்ணிக்கு இது வருது" என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் ஒரு பிள்ளையின் கதையையும் சொன்னீர்கள். உங்கள் வார்டில் புதிதாக வந்த ஒரு நர்ஸ், காய்ச்சல் பார்க்காமலேயே சார்ட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதிவிடுவாள். பார்த்தது மாதிரியே இருக்கட்டும் என்று ஒருவருக்குப் புள்ளி நாலு, அடுத்தவருக்குப் புள்ளி ஆறு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அந்தப் பிள்ளைய என்ன பண்ணீகக்கா? ரிப்போர்ட்டு எழுதினீகளா?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பிள்ளதான் அது. சோம்பேறித்தனம், அப்பறம் பயம். நான் போயி இன்னொருக்கப் பாத்து சரியா எழுதிட்டேன். அதுவா வந்து சொல்லும்னு இருந்தேன்."

"சொல்லுச்சா?"

"இன்னும் இல்ல" என்று பீட்ரூட் பையை என் கையில் கொடுத்தீர்கள்.

போன மார்கழியில், மூன்றே நாள் படுக்கையில், நீங்கள் போய்விட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். நானும் போட்டேன். அந்த மண்ணைக் கையில் எடுத்தபோது பீரோவில் இருந்த மண் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்த மடலில் கொஞ்சம் மரியாதையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

போன மாதம் பையைக் கண்டெடுத்த மறுநாள் தேனிக்குப் போனேன். எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மண் பரிசோதனை செய்யும் இடத்தில் முன்தலை வழுக்கையாக ஒருவர் இருந்தார். பையை மேஜையில் வைத்ததும் பிளாஸ்திரியைத்தான் பார்த்தார்.

"இது நர்ஸம்மா கட்டுல்ல? பிளாஸ்திரி ஒட்டி டயம் போட்டுக் கொண்டாறது அவுக ஒருத்தருதான். நல்லா இருக்காகளா?"

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"வருசா வருசம் வைகாசில வந்துருவாக. மொதத் தடவ வந்தப்ப ஒரு கூத்து. கண்ணாடி போட்ட மேடத்தப் பாக்கணும்னாக. இங்கன மேடமே கெடையாதும்மா, நான்தான் பல வருசமா இருக்கேன், எனக்குக் கண்ணாடியும் கெடையாதுன்னேன். போன வருசம் அவுக பேருல மண்ணு வந்துச்சான்னு கேட்டாக. நோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தோம், இல்ல. சிரிச்சுட்டாக. என்னம்மான்னேன். எங்க தெருத் தம்பி ஒருத்தரு, சோலிக்காரரு, மறந்துருப்பாருன்னாக. உப்பு சாஸ்தியா இருக்கும்மா, பீட்ரூட்டு, பாலக்கு மாதிரி போடுங்கன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவுகளுக்கு யாரு?"

"பக்கத்து வீடு" என்றேன்.

தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை அக்கா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் வந்தேன். வாரா வாரம் வந்த அந்தப் பைகள், அந்தப் பிள்ளையின் கதை, "இன்னும் இல்ல" என்ற பதில். இரண்டு வருடத்துக்கும் மேலாக நீங்கள் எனக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தீர்கள். ஒரு நாளும் உள்ளே இழுக்கவில்லை. நானாக வர வேண்டும் என்று விட்டுவிட்டீர்கள். நான் சிரித்துவிட்டுப் போனேன். ஊரில் யார் யார் எதை மறைத்தார்கள் என்று முப்பது வருடம் எழுதினவன் நான்.

போன வாரம் தோப்புக்காரர் போன் செய்தார். உங்கள் மூலையை வேறு ஆட்கள் கேட்கிறார்கள், சின்ன வயதுத் தம்பதி, ஜெயமங்கலத்துக்காரர்கள், இங்கே காலேஜில் வேலை. "நீங்கதான் நர்ஸம்மாவக் கூட்டியாந்தீக. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவுகளுக்கு தைரியமா இருக்கும்" என்றார்.

போனேன். நீங்கள் தூக்கிய வரப்பு அப்படியே இருக்கிறது. பாலக்கு தானாக விதை விழுந்து இரண்டு மூன்று இடத்தில் முளைத்திருந்தது. அந்தப் பையன் என்னைப் போலவே போனில் பட்டாவைத் தேடிக்கொண்டிருந்தான். தோப்புக்காரர் இளநீர் வெட்டச் சொன்னார். "பொறவு குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போனேன். கை நிறைய ஏந்தி வாயில் ஊற்றினேன். நாலு வருடத்துக்கு முன்னால் குடித்திருக்க வேண்டிய தண்ணீர்.

லேசாக இல்லை அக்கா. நன்றாகவே கரித்தது. உங்கள் நாக்கு செத்துப்போகவில்லை.

துப்பவில்லை, விழுங்கினேன். பிறகு தோப்புக்காரர் முன்னாலேயே அவர்களிடம் சொன்னேன். "தண்ணி உப்பு. பீன்ஸு, மிளகா வராது. பீட்ரூட்டு வரும், பாலக்கு வரும். அந்த மூலையில மழைத்தண்ணி நிக்கும், நிக்க விடுங்க, அது நல்லதுதான். நான் சொன்னேன்னு எடுத்துக்காதீக, நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அப்பறம் நீங்களே கொண்டுபோயி டெஸ்ட்டுக்குக் குடுங்க." தோப்புக்காரர் கோபிக்கவில்லை. "அதான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அன்றைக்கும் அவர் சொல்லலாம் என்றுதான் இருந்திருப்பார். நான்தான் சொல்ல விடவில்லை.

அந்தப் பெண் தொட்டியில் குனிந்து குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நீங்க இங்கன வெள்ளாம வெச்சிருந்தீகளா ஸார்?"

"இல்லம்மா. எங்க அக்கா வெச்சிருந்தாக. இடம் பாக்க அவுக கூட நான் வந்தேன்" என்றேன். பிறகு, சொல்லியே ஆக வேண்டியதைச் சொன்னேன். "வந்தேன், பாக்கல. பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவள் கணவன் போனைப் பையில் போட்டுவிட்டுத் தொட்டிக்கு வந்து குனிந்தான்.

உங்கள் மண்ணைத் தேனியில் பரிசோதிக்கவில்லை. ரொம்ப நாளாச்சு, இனிப் பயனில்லை என்று அங்கே இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோப்புக்குப் போன அன்று அதை அந்த மூலையிலேயே கொட்டிவிடலாம் என்றுதான் டிக்கியில் எடுத்துப் போனேன். கட்டை அவிழ்க்கக் கை வரவில்லை. பிளாஸ்திரி பாதி உரிந்திருந்தது, அமுக்கி ஒட்டினேன். உங்கள் பாட்டில் உருண்ட அதே இடத்தில், அரைக் கிலோ, இப்போதும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. தேனிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த ரோட்டு முனையில் வண்டி தானாக வேகம் குறைகிறது.